காய் நம்முடையது, காகிதம் யாருடையது?

உலகத்தில் விளையும் வாழையில் நூற்றுக்கு 26 பங்கு இந்திய மண்ணில் விளைகிறது. நாடுகளுக்கிடையே நடக்கும் வாழை வியாபாரத்திலோ இந்தியாவின் பங்கு நூற்றுக்கு ஒன்று. 2023 நவம்பரில் மத்திய வணிக அமைச்சகம் சொன்ன கணக்கு இது: ஆண்டு விளைச்சல் மூன்றரைக் கோடி டன், 2022-23இல் வெளிநாடு போனது 3.6 லட்சம் டன், மதிப்பு 17.6 கோடி டாலர். பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கே உள்ள ஈக்வடார்தான் வாழை ஏற்றுமதியில் முதல் நாடு. இந்தியாவின் பங்கு இவ்வளவு குறைந்ததற்குக் காரணம் கேட்டால் பல பதில்கள் வரும். விளைந்ததை நாமே தின்றுவிடுகிறோம், குளிர்பதன வசதி போதவில்லை, கப்பல் வாடகை கூடுதல், ரகம் ஒத்துவரவில்லை என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை இவற்றில் பாதி தீர்ந்துவிட்டது. ஏற்றுமதிக்கு ஏற்ற ஜி9 ரகம் வந்து நிலைத்துவிட்டது. திசு வளர்ப்புக் கன்று, சொட்டுநீர், காயைக் கழுவி அட்டைப்பெட்டியில் அடுக்கும் பேக்ஹவுஸ், 13 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ரீஃபர் கன்டெய்னர் எல்லாம் தோட்டத்து வாசல்வரை வந்துவிட்டன. இன்னும் வந்து சேராதது, ஏற்றுமதிக் காகிதத்தைத் தானே எழுதி, எழுதியதற்குப் பொறுப்பும் ஏற்கத் தெரிந்த உள்ளூர் ஆட்படை. கேட்பதற்கு இது ஏதோ குமாஸ்தா வேலையின் குறை போலத் தோன்றும். விலையும் நம்பகமும் அடுத்த ஆண்டின் வியாபாரமும் அதில்தான் இருக்கின்றன என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள சின்னமனூருக்கு ஆவணத்தின் அருமையைச் சொல்லித்தரத் தேவையில்லை. தமிழக வரலாற்றில் இந்த ஊரின் பெயர் நிலைத்திருப்பதே இங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகளால்தான். பாண்டியர் குலவரிசையையும் ராஜசிம்மன் கொடுத்த நிலக்கொடையையும் தெளிவாகப் பொறித்துவைத்ததால், பத்தாம் நூற்றாண்டில் யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்று இன்றும் சொல்ல முடிகிறது. அதே ஊரைச் சுற்றி இன்று விளையும் வாழைக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. வியாபாரி வந்து தோட்டத்தைப் பார்க்கிறார், கிலோவுக்கு விலை பேசுகிறார், அவருடைய ஆட்களே தார் வெட்டிச் சீப்பாக்கிப் பெட்டியில் அடுக்குகிறார்கள், பணம் கைக்கு வருகிறது, கன்டெய்னர் புறப்படுகிறது. ஷிப்பிங் பில்லில் விளைவித்தவர் பெயர் ஏறுவதில்லை. தேனி மாவட்டத்துக்குள்ளேயே நேராக ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் உண்டு. முடியும் என்பதற்கு அவையே சாட்சி. ஆயினும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிச் சின்னமனூரிலிருந்து கூடலூர்வரை வாழை போட்டிருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு, தங்கள் காய் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, அங்கே என்ன விலைக்குப் போனது என்ற செய்தி திரும்பி வருவதே இல்லை. அந்தச் செய்தி முழுவதும் காகிதத்தில் இருக்கிறது, அதை வைத்திருப்பவர் வேறொருவர். விலை பேசும்போது இரண்டு தரப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: ஒருவருக்கு இன்வாய்ஸ் தொகை தெரியும், மற்றவருக்குத் தெரியாது.

இதைச் சொன்னதும் முதலில் வரும் மறுப்பு, "காகிதத்தை அரசு குறைக்கட்டும், விவசாயியை ஏன் எழுத்தர் ஆக்குகிறீர்கள்?" என்பது. நியாயமாகத் தோன்றும் மறுப்புதான். ஆனால் அரசு குறைத்துவிட்டது என்பது பலருக்குத் தெரியவில்லை. 2015 மார்ச்சில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் வெளியிட்ட அறிவிப்பின்படி, ஒரு பொருளை ஏற்றுமதி செய்ய இந்திய அரசு கட்டாயமாகக் கேட்கும் ஆவணங்கள் மூன்றே: கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங், பேக்கிங் லிஸ்ட்டோடு சேர்ந்த இன்வாய்ஸ், சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில். இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணுக்கு 500 ரூபாய் கட்டணத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜிஎஸ்டி வந்தபின் பான் எண்ணே அந்த எண். 2017 அக்டோபரிலிருந்து, அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் அதிகாரி வந்து நிற்கக் காத்திராமல் தன் பேக்ஹவுஸிலேயே கன்டெய்னருக்கு மின்னணு முத்திரை போட்டுக்கொள்ளலாம். சுங்க இணையதளமான ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில் ஏறி, அதிகாரி திருப்தியடைந்ததும் 'லெட் எக்ஸ்போர்ட்' உத்தரவு கிடைத்துவிடும். இந்தப் பக்கத்துக் கதவு பெருமளவு திறந்துதான் இருக்கிறது.

அப்படியானால் ஒரு கன்டெய்னருக்குக் கோப்பு கனமாவது எதனால்? மற்ற தாள்களைக் கேட்பது டெல்லி அல்ல. இறக்கும் நாடு கேட்கிறது, வாங்குபவர் கேட்கிறார், வங்கி கேட்கிறது, கப்பல் கேட்கிறது. கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி 2016 ஜூலை முதல், சரிபார்த்த மொத்த எடைச் சான்று இல்லாமல் எந்தக் கன்டெய்னரும் கப்பலில் ஏறாது. வளைகுடா நாடுகளுக்குப் போகும் பழத்தோடு, பூச்சி நோய் இல்லை என்று தாவரத் தடைக்காப்பு அலுவலகம் தரும் ஃபைட்டோ சான்றும், எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்றும் கேட்கப்படுகின்றன. 2022 மே முதல் நடப்பில் உள்ள இந்திய-அமீரக ஒப்பந்தத்தின் வரிச் சலுகை வேண்டுமென்றால் அதற்குரிய படிவத்தில் பிறப்பிடச் சான்று இருந்தாக வேண்டும். ஒப்பந்தம் நடப்பில் இருந்தாலும் சான்று இல்லாதவருக்குச் சலுகை இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் ஏறக்குறைய எல்லாப் பழங்களுக்கும் ஃபைட்டோ சான்று கட்டாயம். விலக்குப் பெற்றவை ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், துரியன் (முள்நாறி), வாழை, பேரீச்சை. ஆகவே வாழைக்கு அங்கே வேண்டாத சான்று, பக்கத்துத் தோட்டத்துத் திராட்சைக்கு வேண்டும். வாழைக்கு அந்தச் சான்று வேண்டாமே தவிர, காய் குறைந்தது 14 செ.மீ. நீளமும் 27 மி.மீ. குறுக்களவும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பா கேட்கும். இதையெல்லாம் எந்த இந்திய அரசாணையாலும் குறைக்க முடியாது. தெரிந்துகொள்வது ஒன்றே வழி.

தெரிந்துகொள்வது அலுவலக மேசையோடு முடிவதில்லை, தோட்டத்தில் தொடங்குகிறது. இதற்குப் பள்ளத்தாக்கிலும் வெளியிலும் கசப்பான சான்றுகள் கிடக்கின்றன. 2003இல் மகாராஷ்டிரத் திராட்சை நெதர்லாந்தில் பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகச் சிக்கியது. அதன்பின் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபெடா செய்த ஏற்பாடு கிரேப்நெட் என்ற பதிவு முறை: எந்தத் தோட்டம், எப்போது என்ன மருந்து அடித்தது, எந்த ஆய்வகம் சோதித்தது, எந்தப் பெட்டியில் போனது என்று பெட்டியிலிருந்து தோட்டம்வரை பின்னோக்கிப் போகக்கூடிய சங்கிலி. 2010இல் மீண்டும் ஒரு வளர்ச்சி ஊக்கி மருந்தால் சரக்குகள் நின்றன. அப்போதும் ஏற்றுமதி அடியோடு ஒழிந்துவிடவில்லை. குறை எங்கே என்று காட்ட ஒரு பதிவு இருந்ததும் அதற்கு ஒரு காரணம். 2014 மே முதல் தேதி ஐரோப்பா இந்திய மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் தடுத்தது. முந்தைய ஆண்டில் 207 சரக்குகளில் பூச்சிகள் கண்டுபிடிக்கப்பட்டதே காரணம். அவற்றோடும் ஃபைட்டோ சான்று போயிருக்கும். 1951ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுக்கும் வாக்கு அது. பழத்தோட்டத்தில் நடந்தது ஒன்றும் தாளில் எழுதியது ஒன்றுமாக இருந்தபோது, சிலர் செய்த பிழைக்கு ஒரு நாட்டின் கையெழுத்தே மதிப்பிழந்தது. ஒழுங்காக அனுப்பியவர்களும் சேர்ந்து நின்றார்கள். சின்னமனூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தியும் அதே ஆண்டில் உண்டு. சால்மோனெல்லா கிருமிக்காக வங்கதேச வெற்றிலையை ஐரோப்பிய ஒன்றியம் 2014 பிப்ரவரியில் முழுவதுமாக நிறுத்திவைத்தது. வெற்றிலை கழுவிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத ஊருக்கு இதுதான் நேரும்.

ஏலக்காய் இன்னும் நெருக்கமான பாடம். இடுக்கி மலையில் விளையும் காய் போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. பல எஸ்டேட்டுகளின் குவியல்கள் பல வியாபாரிகளின் கைக்குப் போய், தரம் பிரிக்கப்பட்டு, கலந்து, பச்சை நிறமும் பருமனும் பார்த்து மூட்டையாகின்றன. கலந்த கணத்திலேயே காய் தன் பிறப்பை இழந்துவிடுகிறது. பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காரணம் காட்டிச் சவூதி அரேபியா 2018ஐ ஒட்டி இந்திய ஏலக்காயைத் திருப்பியபோது, தவறு எந்த மலைச்சரிவில் நடந்தது என்று கண்டுபிடித்து அதை மட்டும் ஒதுக்க வழியில்லாமல் போனதற்கு இந்தக் கலவையும் காரணம். குவாத்தமாலா ஏலக்காய் போட்டிக்கு நிற்கும் சந்தை அது. ஒருமுறை விட்ட இடத்தைத் திரும்பப் பிடிப்பது எளிதல்ல. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடுக்காக இந்திய மசாலாப் பொடிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட்டபோதும் இதே கேள்விதான் எழுந்தது: எந்தப் பொருள், எங்கே, யார் கையில் கெட்டது? பதில் சொல்ல முடியாத வியாபாரத்தில் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பள்ளத்தாக்கு கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். அந்தப் பெயர் ஒட்டிய பெட்டிக்குள் இருப்பது இன்ன தோட்டத்துப் பழம் என்பதைக் காட்டத் தோட்டப் பதிவேடு வேண்டும். விதையும் மெல்லிய தோலும் உள்ள அந்தப் பழம் நீண்ட கடல் பயணம் தாங்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காகிதம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் வாதிடவில்லை. வாழைக்கும் ஏலக்காய்க்கும் அது தீர்க்கும்.

"இதற்கெல்லாம் கிளியரிங் ஏஜென்ட் இருக்கிறாரே" என்பது அடுத்த மறுப்பு. தூத்துக்குடியிலும் கொச்சியிலும் திறமையான ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்று, தேர்வெழுதி வந்தவர்கள். அவர்கள் இல்லாமல் துறைமுகம் ஓடாது. ஆனால் ஏஜென்ட் எழுதுவது நாம் சொன்னதைத்தான். பெட்டி எத்தனை, நிகர எடை எவ்வளவு, விலை துறைமுகத்தோடு முடிகிறதா அல்லது கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்ததா, எந்தத் தலைப்பின்கீழ் வரும் சரக்கு என்ற விவரங்கள் எல்லாம் பேக்ஹவுஸிலிருந்து போகின்றன. சுங்கப் பட்டியலில் நேந்திரன் போன்ற சமையல் வாழைக்கு 0803 10, மற்ற வாழைக்கு 0803 90. முழு ஏலக்காய்க்கு 0908 31, இடித்ததற்கு 0908 32. இரண்டு எண் மாறினால் சலுகை மாறும், சான்று மாறும், இறக்குமதி நாட்டில் கேள்வி எழும். பிழை வந்தால் யார் பொறுப்பு என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 50ஆவது பிரிவில் 2018இல் சேர்த்த உட்பிரிவு, தகவலின் துல்லியத்துக்கும் முழுமைக்கும் ஏற்றுமதியாளரையே பொறுப்பாக்குகிறது. ஏஜென்ட்டுக்குச் சம்பளம் கொடுத்து வேலையைக் கைமாற்றலாம், பொறுப்பைக் கைமாற்ற முடியாது.

ஓர் எழுத்து எவ்வளவு செலவு வைக்கும் என்பதைக் காட்டப் மெயிஸ் என்ற பழைய ஏற்றுமதிச் சலுகைத் திட்டம் போதும். சலுகை வேண்டுமா என்ற கட்டத்தில் ஷிப்பிங் பில்லில் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். பல ஏற்றுமதியாளர்களுக்கு அந்த இடத்தில் 'இல்லை' என்று விழுந்திருந்தது. சரக்கு போனது உண்மை, பணம் வந்தது உண்மை, தகுதியும் இருந்தது. ஆனால் கணினி அந்த ஓரெழுத்தைப் பார்த்து மறுத்தது. தூத்துக்குடி சுங்க ஆணையர் எதிர்த்தரப்பாக இருந்த ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கவனப் பிசகால் நேர்ந்த குறிப்புக்காகத் தகுதியுள்ளவருக்குச் சலுகை மறுக்கக் கூடாது என்று ஏற்றுமதியாளர் பக்கம் நின்றது. நீதி கிடைத்தது, ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த ஆர்ஓடிடெப் திட்டத்திலும் ஷிப்பிங் பில்லில் அதேபோல் உரிமை கோரிக் குறிக்க வேண்டும். சட்டத்தின் 149ஆவது பிரிவு ஏற்றுமதிக்குப் பின்னும் திருத்தம் செய்ய இடம் தருகிறது. ஆனால் ஏற்றுமதி நடந்த நேரத்தில் இருந்த ஆவணங்களின் பலத்தில் மட்டுமே. கோப்பை ஒழுங்காக வைத்திருந்தவருக்கே அந்தப் பிரிவு உதவும்.

கணினிமயம் வந்ததால் இந்த அறிவு தேவையில்லை என்று நம்புவோருக்கு 2017-18 நல்ல பதில். ஜிஎஸ்டி தொடங்கிய அந்த ஆண்டில் ஷிப்பிங் பில்லே வரித் திருப்பத்துக்கான விண்ணப்பமாகக் கருதப்படும் என்றார்கள்; மனு வேண்டாம், கணினியே பார்த்துக்கொள்ளும். நடந்தது வேறு. சுங்கத்துக்குக் கொடுத்த இன்வாய்ஸ் எண்ணும் ஜிஎஸ்டி கணக்கில் ஏற்றிய இன்வாய்ஸ் எண்ணும் பொருந்தாதபோதெல்லாம் 'எஸ்பி 005' என்ற பிழைக் குறியீட்டோடு பணம் நின்றது. வெளிநாட்டுக்காரருக்கு ஓர் இன்வாய்ஸ், உள்நாட்டு வரிக்கு இன்னோர் இன்வாய்ஸ் என்று காலங்காலமாக எழுதி வந்த பழக்கம், ஒரு கோடும் புள்ளியும் மாறினால்கூட ஏற்காத இயந்திரத்தின் முன் வந்து நின்றதன் விளைவு. நாடு முழுவதும் ஏற்றுமதியாளர்களின் முதல் முடங்கியது. பிப்ரவரியில் சுற்றறிக்கை போட்டு அதிகாரிகளே கையால் சரிசெய்ய வழி திறந்தார்கள். 2018 மார்ச் 15 முதல் 29 வரை 'திருப்பித் தரும் இரு வாரம்' என்றே தனி முகாம் நடத்தினார்கள். மனித எழுத்தர் பிழையைப் புரிந்துகொண்டு கடந்துபோவார், கணினி போகாது. காகிதம் திரைக்கு மாறியதால் கவனத்தின் தேவை கூடியிருக்கிறது.

இனி பணத்துக்கு வருவோம். காகிதம் யார் கையில் இருக்கிறது என்பது வேறெங்கையும்விட இங்கே தெளிவாகத் தெரியும். எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக் கடிதத்தில் வியாபாரம் நடந்தால், உலக வங்கிகள் பின்பற்றும் யுசிபி 600 விதிகள் பொருந்தும். 2007 ஜூலை முதல் நடப்பில் இருப்பவை. அவற்றின் ஐந்தாவது விதி, வங்கி கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல என்கிறது. பழம் அருமையாக இருந்தும் இன்வாய்ஸில் சரக்கின் வர்ணனை எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றால் வங்கி மறுக்கலாம். கப்பலேறிய 21 நாட்களுக்குள் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும், வங்கிக்குப் பார்க்க ஐந்து வேலைநாள். இது வாங்குபவருக்குச் சாதகமான கட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஆவணம் சுத்தமாக இருந்துவிட்டால், துபாயில் விலை விழுந்துவிட்டது என்று சொல்லி வாங்குபவர் நழுவ முடியாது. வங்கி கொடுத்தே ஆக வேண்டும். முன்பின் தெரியாத ஊர்க்காரருக்குச் சின்னமனூர்க் காயை நம்பி அனுப்ப வைக்கும் பலம் அந்த விதியில்தான் உள்ளது.

ஆனால் வளைகுடா வாழை வியாபாரத்தில் எல்.சி. அரிது, காரணம் காயின் வேகம். தூத்துக்குடியிலோ கொச்சியிலோ ஏறிய ரீஃபர் சில நாட்களில் வளைகுடாவில் இறங்கிவிடும். அசல் பில் ஆஃப் லேடிங் வங்கி வழியாகப் போய்ச் சேர்வதற்குள் காய் காத்திருக்க வேண்டிவரும். கன்டெய்னருக்குத் தினவாடகையும் மின்சாரக் கட்டணமும் ஏறும், காய் பழுக்கத் தொடங்கும். அதனால் அசலை இங்கேயே கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அங்கே தாளில்லாமலே சரக்கை விடுவிக்கச் செய்யும் 'சரண்டர்' முறை சகஜமாகிவிட்டது. பில் ஆஃப் லேடிங்தான் சரக்கின் உரிமைப் பத்திரம். ஒப்படைத்த நொடியிலிருந்து விற்றவரிடம் பிடி இல்லை. பின்னாலேயே 'காய் கறுத்திருந்தது, பெட்டி நசுங்கியிருந்தது, பாதி விலைதான்' என்று செய்தி வந்தால் பதில் சொல்ல என்ன இருக்கிறது? கன்டெய்னருக்குள் வைத்த வெப்பநிலைப் பதிவுக்கருவியின் ஓட்டம், ஏற்றும்போது எடுத்த படங்கள், எடைமேடைச் சீட்டு, முன்பே எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் குறை சொல்ல இத்தனை மணி நேரம்தான், அதுவும் சர்வேயர் அறிக்கையோடுதான் என்ற வரி: இவை இருந்தால் வாதாடலாம். இல்லையென்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த நஷ்டம் சங்கிலியில் கீழிறங்கி, அடுத்த வெட்டில் தோட்டத்து விலையாக வந்து விழுகிறது. வராத பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக் கணினியும் கணக்குக் கேட்கும். கெடுவுக்குள் டாலர் வந்து சேராத ஷிப்பிங் பில் ஏற்றுமதியாளரின் பெயரில் தீராத பாக்கியாகவே நிற்கும்.

இந்த இடத்தில் எழும் மறுப்புதான் எனக்கு மிகக் கனமானதாகப் படுகிறது. "இவ்வளவு ஆபத்தும் வியாபாரி தலையில் இருக்கட்டும். விவசாயிக்குத் தோட்டத்திலேயே ரொக்கம் கிடைக்கிறது. அதை ஏன் கெடுக்கிறீர்கள்?" ஐந்து ஏக்கர்காரர் வட்டிக்கு வாங்கி ஒரு ரீஃபர் அனுப்பி, ஒரே ஒரு துறைமுகத் தாமதத்தில் முதலை இழந்தால் அவர் எழுந்திருக்கவே முடியாது. 20 டன் காய் போகும் பெட்டி அது. ஆகவே ஒவ்வொரு விவசாயியும் ஏற்றுமதியாளராக வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. வியாபாரி எடுக்கும் ஆபத்துக்குக் கூலி உண்டு, அந்தக் கூலி நியாயமானதே. ஆனால் அந்தக் கூலி எவ்வளவு என்பதை இன்று ஒரு தரப்பு மட்டுமே அறிகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று வருஷத்துக்குச் சில கன்டெய்னர்களை மட்டுமாவது தன் பெயரில், தன் குறியீட்டு எண்ணில், 1957 முதல் இயங்கும் ஏற்றுமதிக் கடன் உறுதிக் கழகமான ஈசிஜிசியின் காப்பீட்டோடு அனுப்பினால், உண்மையான செலவும் உண்மையான விலையும் ஊருக்குத் தெரிந்துவிடும். மீதிக் காயை வியாபாரிக்கே விற்கட்டும். அந்தப் பேரம் முன்புபோல் இருக்காது. பெரும் வணிகர்களை விரட்டும் யோசனை அல்ல இது. அவர்களுக்கும் லாபம் உண்டு. மருந்தடிப்புப் பதிவேடும் தோட்ட எண்ணும் தயாராக உள்ள காயைத்தான் நாளைக்கு எந்த ஏற்றுமதியாளரும் தேடி வருவார்.

இதற்கு வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உத்தமபாளையத்தில் 1956 முதல் நடக்கும் கலைக் கல்லூரியிலிருந்து வணிகவியல் பட்டதாரிகள் வருகிறார்கள். ஒரு பக்கம் பழம் தெரிந்தவர்கள், மறுபக்கம் கணக்குத் தெரிந்தவர்கள். இரண்டையும் சேர்த்துக் கற்றவர் இல்லை. ஒரு ஷிப்பிங் பில்லை வரி வரியாகப் படித்து, அதை இன்வாய்ஸோடும் பேக்கிங் லிஸ்ட்டோடும் ஃபைட்டோ சான்றோடும் ஒப்பிட்டு, எழுத்து எழுத்தாகப் பிழை பிடிக்கும் பயிற்சிக்கு ஆறு மாதம் போதும். அப்படிக் கற்ற இருபது பேர் போடிக்கும் கூடலூருக்கும் இடையே இருந்தால் போதும். வீட்டுக்கு அருகிலேயே மதிப்பான சம்பளம் உள்ள வேலை அது, பெண்களுக்கு முக்கியமாக. அரசின் பங்கும் உண்டு. எச்சச் சோதனைக்கு மாதிரியை வெளியூருக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள் பழத்தின் ஆயுளிலிருந்து கழிகின்றன. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் பள்ளத்தாக்குக்குள் வர வேண்டும். ஃபைட்டோ ஆய்வும், வெட்டு மும்முரமாக உள்ள மாதங்களிலாவது, பேக்ஹவுஸ் வாசலிலேயே நடக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம், அழுகும் பொருட்களைச் சுங்கம் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் விடுவிக்க வேண்டும் என்கிறது. இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான். ஆனால் அந்த உரிமைக்கு அதே வாக்கியத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: விதிகள் கேட்கும் அனைத்தும் நிறைவேறியிருக்க வேண்டும். அதை நிறைவேற்றும் வேலை தோட்டத்து மருந்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் தொடங்குகிறது, அந்தப் பதிவேட்டை இந்தப் பருவத்துக் கன்று நடும்போதே திறந்துவிடலாம்.